சீனிப்பாணியும் செங்குழியமும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது பெரியகல்லாறு. கடல்நாச்சியம்மன் குடிகொண்ட ஊர். வைகாசி பிறந்துவிட்டால் இந்தக் கரை நெடுகிலும் அம்மன் சடங்குதான். நீத்துப்பூசணிக்காயை இரண்டாகப் பிளந்து, வெட்டுவாயில் குங்குமத்தை அப்பி வைப்பதை இங்கே பார்க்காதவர்கள் இருக்கமாட்டார்கள். ஆட்டுக்குப் பதிலாகப் பூசணி, அதன் குருதிக்குப் பதிலாகக் குங்குமம். மணமக்களை வீட்டுக்குள் எடுக்கும்போது சுற்றுகிற ஆலாத்தித் தண்ணீரும் அந்த வகைதான்: மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த செந்நீர். கேரளத்தில் சோட்டானிக்கரைக் கோயிலின் கீழ்க்காவில் 12 வார்ப்புகளில் நிறைத்து ஊற்றுகிற 'குருதி'யும் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்ததே. போலி இரத்தம் செய்வது சினிமாக்காரர் கண்டுபிடித்த வேலை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

ஆனால் அந்த ஆலாத்தித் தண்ணீரை ஒருவரின் நெற்றியில் வழியவிட்டு, கிட்ட நின்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் தெரிவது மஞ்சள் தண்ணீர் வழிந்த முகம். சாமிக்குப் போதுமாயிருந்த சிவப்பு கமராவுக்குப் போதவில்லை. ஏன் என்று தேடிப் போனால் பௌதிகமும் இரசாயனமும் உடற்றொழிலியலும் ஒரே கிண்ணத்துக்குள் வந்து சேர்கின்றன.

முதலில் அசல் சரக்கைப் பார்ப்போம். ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் ஏறக்குறைய 50 இலட்சம் செங்குழியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் விட்டமும் 7 அல்லது 8 மைக்கிரோமீற்றர். குருதியின் கனவளவில் 40 முதல் 45 வீதம்வரை இவைதான். மீதி பெரும்பாலும் வைக்கோல் நிறத் திரவவிழையம். சிவப்பு முழுவதும் குழியங்களுக்குள் அடைபட்டிருக்கும் ஈமோகுளோபினுக்குச் சொந்தம். ஒரு லீற்றர் குருதியில் அது 150 கிராம் அளவுக்கு உண்டு.

இந்த ஈமோகுளோபின் ஒளியை உறிஞ்சும் விதம் விசித்திரமானது. ஒட்சிசன் ஏற்றிய ஈமோகுளோபின் 415 நனோமீற்றரில், அதாவது ஊதாவில், மிகக் கடுமையாக உறிஞ்சும். பிறகு 542இலும் 577இலும், பச்சையிலும் மஞ்சளிலும், இரண்டு சிறிய மேடுகள். 600ஐத் தாண்டியதும் கையை விட்டுவிடும். சிவப்பு தடையில்லாமல் வெளியே வரும். ஊதாவில் உறிஞ்சல் பல மடங்கு அதிகம் என்பதால், குருதியை மெல்லிய படலமாக இழுத்தால் ஊதாவும் நீலமும் முதலில் போய்விடுகின்றன. பச்சையில் கொஞ்சம் தப்பி வருகிறது. அதனால் மெல்லிய படலம் செம்மஞ்சள் சாயலாகத் தெரியும். அதே குருதி தடித்துத் தேங்கினால் பச்சையும் மஞ்சளும் ஒட்டக் களவு போய், ஆழ்ந்த கருஞ்சிவப்பு. ஒரே திரவத்துக்குத் தடிப்பைப் பொறுத்து இரண்டு முகம்.

போலி இரத்தத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு துளி விட்டு, பெருவிரலால் ஒரே இழுப்பாக இழுங்கள். துளி இருந்த இடம் கருஞ்சிவப்பாகவும் இழுத்த வால் செம்மஞ்சளாகவும் இருக்கவேண்டும். கடையில் வாங்கிய கேக் சாயத்தைச் சீனிப்பாணியில் விட்டுக் கலக்கியதை இப்படி இழுத்தால் வால் ரோசா நிறமாக வரும். அந்த ரோசா நிறந்தான் படத்தில் காட்டிக்கொடுக்கும்.

காரணம் எளிது. சிவப்பு உணவுச் சாயங்களான பொன்சோ 4ஆர், அலுரா ரெட், காமோசின் போன்றவை 500 முதல் 520 நனோமீற்றர் பக்கத்தில்தான் உச்சமாக உறிஞ்சுகின்றன. ஊதாவில் அவ்வளவு உறிஞ்சுவதில்லை. தப்பி வரும் அந்த ஊதாவும் நீலமும் சிவப்போடு சேர்ந்தால் கண்ணுக்கு ரோசா. அப்படியானால் 415 பக்கத்தை அடைக்க வேறொரு ஆள் வேண்டும். மஞ்சள் சாயமான தாத்திரசீன் உறிஞ்சுவது 425இல். நம் சமையலறை மஞ்சளில் இருக்கும் குர்குமினும் அந்த அயலில்தான்.

அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் சிமித் (1922–2014) இந்த வரைபடங்களைப் பார்த்துத்தான் செய்தாரா என்பதல்ல விடயம். கண்ணால் பார்த்தே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். 'த கோட்ஃபாதர்', 'த எக்சோர்சிஸ்ற்', 'ரக்ஸி டிரைவர்' ஆகிய படங்களின் ஒப்பனையில் அவர் கை உண்டு. 2011இல் கௌரவ ஒஸ்கார் கிடைத்தது. அவருடைய புகழ்பெற்ற செய்முறையில் சோளப்பாணி, சிவப்பு உணவுச் சாயம், அதோடு மஞ்சள் உணவுச் சாயம், பழுதாகாமல் இருக்க மெதயில் பரபென், கடைசியாகக் கொடாக் நிறுவனத்தின் ஃபோட்டோ-ஃப்ளோ. இந்தக் கடைசிப் பொருள் இருட்டறையில் பிலிம் கழுவுகிறவர்கள் வைத்திருப்பது. பிலிமில் தண்ணீர்த் துளி நின்று காயாமல் வழிந்தோடச் செய்கிற திரவம். பாணியில் அதைக் கலந்தால் தோலிலும் துணியிலும் உருண்டு நிற்காமல் பரவும். ஆனால் அது நஞ்சு. வாயில் இரத்தம் வழியும் காட்சிக்கு அந்தக் கலவையைப் பயன்படுத்தவே கூடாது.

நிறம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஏதோ குறையும். கிண்ணத்தின் அடி தெரியும். இந்த இடத்தில்தான் பெரும்பாலான செய்முறைகள் தோற்கின்றன என்பது என் கணிப்பு.

குருதி ஒளிபுகாத் திரவம். செங்குழியங்களும் அவற்றைச் சுற்றியுள்ள திரவவிழையமும் ஒளியை வேறுவேறு அளவில் முறிப்பதால், உள்ளே போகும் ஒளி கோடிக்கணக்கான குழியங்களில் பட்டுப் பட்டுச் சிதறித்தான் திரும்புகிறது. இதற்கு ஒரு பழைய ஆய்வுகூடச் சான்று உண்டு. குருதித் துளிகளைத் தூய நீரில் விட்டால், நீர் உள்ளே புகுந்து செங்குழியங்கள் வீங்கி வெடித்துவிடும். நிறப்பொருள் அப்படியே இருக்கிறது, சிதறடிக்க ஆளில்லை. கலங்கலாயிருந்த திரவம் பளிச்சென்று தெளிந்து, மறுபக்கம் வைத்த எழுத்தை வாசிக்கலாம் என்றாகிவிடும். வெறும் சாயமும் பாணியும் கலந்தது அந்த வெடித்த குருதிக்குச் சமம். அதற்குச் சிதறடிக்கிற துகள் வேண்டும். டிக் சிமித்தின் சில கலவைகளில் நாக ஒட்சைட்டு வெண்தூள் சேர்ந்தது இதற்காகத்தான். பெரியகல்லாற்றுக் கடையில் அதே வேலைக்குப் பால்மாவும் கோதுமை மாவும் கொக்கோத் தூளும் இருக்கின்றன. பால்மா கூடிவிட்டால் கலவை வெளிறி ஸ்ரோபெரிப் பாலாகிவிடும். அரைத் தேக்கரண்டி என்று தொடங்குவது புத்தி. கொக்கோ இரண்டு வேலை பார்க்கும்: அடி தெரியாமல் மறைக்கும், சாயத்தின் விளையாட்டுச்சாமான் பளபளப்பையும் அடக்கும்.

அடுத்தது ஓட்டம். இரத்தம் தண்ணீரைவிடத் தடிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தடிப்பு என்று கேட்டால் பலரும் தேனைச் சொல்வார்கள். தேனின் பிசுக்குமை தண்ணீரைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. குருதியினுடையது மூன்று நான்கு மடங்குதான். 100 கிராம் பாணியில் 35 கிராம் சீனி இருந்தால் ஏறக்குறைய அந்த அளவு வந்துவிடும். தேத்தண்ணிக்குக் காய்ச்சும் பாணியைவிட ஐதானது. சினிமாவில் முகத்தில் கோடு போட்டது மாதிரி மெதுவாக இறங்குகிற இரத்தம் நடிப்பின் வசதிக்காகத் தடிப்பாக்கியது. ஒளிப்படத்துக்கு அந்தக் கோடு சில விநாடி நின்றால் போதும் என்பதால், உண்மைக்குக் கிட்டவே போகலாம்.

இன்னொரு நுட்பம்: குருதி ஓடும்போது ஐதாகும், நின்றால் தடிக்கும். செங்குழியங்கள் ஓய்வில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வதும் ஓட்டத்தில் பிரிந்து நீள்வதும் இதற்குக் காரணம். சீனிப்பாணிக்கு அந்தக் குணம் இல்லை. அது எப்போதும் ஒரே தடிப்பு. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவிட்ட கஞ்சிக்கு அந்தக் குணம் ஓரளவுக்கு உண்டு. பழைய நாடகக்காரர்கள் மாவு காய்ச்சியது செலவைக் குறைக்கத்தான் என்றாலும், பௌதிகமும் அவர்கள் பக்கமே நின்றது.

பிறகு நேரம். போலி இரத்தத்தை அசலிலிருந்து பிரிக்கிற மிகப் பெரிய வேலி இதுதான். பூசின சாயம் மாலைவரை அதே சாயம். குருதியோ வெளியே வந்த கணத்திலிருந்து மாறிக்கொண்டே போகும். 5 முதல் 10 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கும். தேங்கிய குருதி உறைந்து சுருங்கும்போது, ஓரத்தில் மஞ்சள் நிற நீர் பிரிந்து நிற்கும். ஒட்சிசன் ஏந்திய ஈமோகுளோபினின் இரும்பு மெல்ல ஒட்சியேறி மெதீமோகுளோபினாக மாறும். அப்போது 630 நனோமீற்றரில், சிவப்பின் நடுவிலேயே, ஒரு புதிய உறிஞ்சல் தோன்றும். சிவப்பு குறைந்து கபிலம் ஏறுவது அதனால்தான். காய்கிறபோது ஓரம் முதலில் இறுகி, நடுப்பகுதி பிந்திக் காய்ந்து வெடிப்பு விடும்.

ஆகவே 'இரத்தம் செய்து தா' என்று கேட்கிற ஒளிப்படக்காரரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி: காயம் பட்டு எவ்வளவு நேரம்? இப்போதுதான் என்றால் மேலே சொன்ன கலவை. மணிக்கணக்கு ஆகிவிட்டதென்றால் அதில் ஒரு துளி நீலச் சாயம். கடைகளில் கிடைக்கும் பிரில்லியன்ற் புளூ சாயத்தின் உறிஞ்சல் உச்சமும் அதே 630 பக்கத்தில்தான் விழுகிறது. மெதீமோகுளோபின் செய்கிற வேலையை அது செய்துவிடும். இரண்டாவது துளியில் கலவை ஊதாவாகிவிடும், கவனம்.

உறைந்த கட்டி வேண்டுமென்றால் பலரும் ஜெலற்றின் வாங்குவார்கள். மட்டக்களப்பு வெயிலில் அது சரிவராது. 30 பாகைக்கு மேலே போனதும் ஜெலற்றின் இளகத் தொடங்கும், பகல் பன்னிரண்டு மணிக்கு அது மறுபடி தண்ணீர். நோன்புக் காலத்தில் காத்தான்குடியிலும் கல்முனையிலும் வீடுவீடாகக் காய்ச்சுகிற கடற்பாசி இந்த ஊருக்கு ஏற்றது. கடற்பாசி 40 பாகைக்குக் கிட்ட இறுகும். மறுபடி உருக வேண்டுமென்றால் 85 பாகையளவு சூடு காட்டவேண்டும். சாயம் கலந்து இறுகவிட்ட பாசியை முள்ளுக்கரண்டியால் கலைத்துவிட்டு, புதிய கலவையோடு கொஞ்சம் பிசறிப் போட்டால், உண்மையான உறைகட்டி பார்த்தவருக்கும் ஒரு கணம் மனம் துணுக்குறும்.

சீனியின் தொல்லை ஒன்று உண்டு. கடல்காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால், இந்தக் கரையில் சீனிப்பாணி இரத்தம் காயவே காயாது. எறும்பும் ஈயும் வந்துவிடும். நிலத்தில் படுத்திருக்கும் நடிகருக்கு அது பெரிய சோதனை. காய்ந்த இரத்தம் காட்டவேண்டிய இடத்தில் சீனியைத் தொடாமல் மாக்கஞ்சியும் கொக்கோவும் சாயமும் மட்டும் போதும்.

மஞ்சளுக்கு மறுபடி வருவோம், ஏனென்றால் அது இந்த மண்ணின் செய்முறை. குர்குமின் அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு. வெள்ளை வேட்டியில் பட்ட கறிக்கறை சவர்க்காரம் போட்டதும் செக்கச் சிவந்து, அலசியதும் மஞ்சளுக்குத் திரும்புவதைத் துணி துவைத்தவர்கள் அறிவார்கள். சுண்ணாம்பு கலந்த ஆலாத்தியிலும் நடப்பது அதுவே. ஆனால் காரத்தில் குர்குமின் நிலைத்து நிற்காது. நிமிடக் கணக்கில் உடைந்து போகும். சுண்ணாம்பும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை வாங்கிக் காரத்தன்மையை இழக்கும். காலையில் கரைத்த ஆலாத்தி மாலையில் மங்கலாய்க் கிடப்பது இதனால். கமராவுக்கு வேண்டுமானால் படம் எடுக்கிற நேரத்தில் கரைத்து உடனே எடுக்கவேண்டும். கண்ணில் படவே விடக்கூடாது, சுண்ணாம்பு விழிவெண்படலத்தைப் பொசுக்கிவிடும். பழைய முறைக் குங்குமத்தில் மஞ்சளோடு தேசிக்காய்ச் சாறும் வெண்காரமும் சேர்வதால், குர்குமினும் போரனும் பிணைந்து, அமிலத்திலேயே சிவக்கிற வேறொரு பொருள் உண்டாகிறது. அதனால்தான் குங்குமம் ஆலாத்தியைவிட நீடித்து நிற்கிறது.

தேசிக்காய் என்றதும் மற்றொரு போலி இரத்தம் ஞாபகத்துக்கு வரும். கத்தியால் வெட்டினால் இரத்தம் கக்கும் தேசிக்காய். செய்வினை எடுக்கிறவர்களின் பழைய வித்தை. செவ்வரத்தம் பூவைக் கத்தி அலகில் தேய்த்துக் காயவிட்டால் ஒன்றும் தெரியாது. புளிச்சாறு பட்டதும் பூவிலுள்ள அந்தோசயனின் சிவந்து வழியும். திருவல்லாவில் பிறந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்து, ஓய்வுபெற்ற பின் இலங்கை முழுவதும் மந்திரவாதிகளுக்குச் சவால் விட்ட ஆபிரகாம் கோவூர் (1898–1978) போன்றவர்கள் இத்தகைய வித்தைகளின் முதுகெலும்பை முறிக்கவே வாழ்நாளைச் செலவிட்டார்கள். உயர்தர வகுப்பில் இரசாயனம் படித்தவர்களுக்கு இதன் பெரியண்ணன் தெரிந்திருக்கும்: நிறமேயில்லாத தயோசயனேற்றுக் கரைசலில் பெரிக்குக் குளோரைட்டு ஒரு துளி விழுந்ததும் குருதிச் சிவப்பு. ஒன்றை உள்ளங்கையிலும் மற்றதைக் கத்தியிலும் தடவி 'வெட்டி'க் காட்டும் ஆசிரியர்கள் எங்கும் உண்டு. பெரிக்குக் குளோரைட்டு தோலை அரிக்கும். ஆய்வுகூடத்துக்கு வெளியே அதற்கு வேலையில்லை.

இனிக் கமராவின் பக்கம். கறுப்பு வெள்ளைக் காலத்தில் பாடு சுலபம். 1920களின் நடுப்பகுதிவரை பரவலாயிருந்த பிலிம்களுக்குச் சிவப்பே தெரியாது. குருதி கறுப்பாகத்தான் விழுந்தது. ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' 1960இல் வந்தபோது பிலிம் மாறியிருந்தாலும் படம் கறுப்பு வெள்ளைதான். அந்தக் குளியலறைக் காட்சியில் தண்ணீரோடு சுழன்று போனது சொக்லேற் பாணி. நிறப்படம் வந்த பிறகுதான் தலைவலி தொடங்கியது. இங்கிலாந்தின் டோர்செற்றில் ஜோன் ரைனிகேற் என்ற ஓய்வுபெற்ற மருந்தாளர் 'கென்சிங்டன் கோர்' என்ற பெயரில் விற்ற இரத்தம் அந்தத் தலைவலிக்குப் பிறந்த மருந்து. மாறாக, 1976இல் 'ரக்ஸி டிரைவர்' படத்தின் கடைசித் துப்பாக்கிச் சண்டை மிகவும் சிவப்பு என்று தணிக்கையாளர்கள் தயங்க, மார்ட்டின் ஸ்கோர்செஸி நிறத்தை மங்கவைத்தார். மங்கியதும் அது இன்னும் உண்மையாகத் தெரிந்தது என்பது பார்த்தவர்களின் முறைப்பாடு. நானும் அந்தக் கட்சி.

இன்றைய எண்முறைக் கமராவின் உணரியில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. கொடாக்கில் வேலைசெய்த பிரைஸ் பேயரின் பெயரில் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. தனிச் சிவப்பான ஒரு பரப்பில் நுணுக்கத்தைச் சொல்லக் கால்வாசிப் புள்ளிகளே மிஞ்சுகின்றன. அவையும் வெயிலில் நிரம்பி வழிந்துவிடும். கமராவின் ஒளிமானி எல்லாப் புள்ளிகளையும் சேர்த்துச் சராசரி பார்ப்பதால் அதைக் கண்டுகொள்ளாது. விளைவு, சுருக்கமும் பளபளப்பும் இல்லாத தட்டையான சிவப்புத் திட்டு. முக்கால் ஸ்ரொப் அளவு குறைத்து எடுங்கள்; கமராவில் சிவப்பு வரைபடத்தைத் தனியே பார்க்கும் வசதி இருந்தால் அதைப் பாருங்கள். கைத்தொலைபேசிகள் சிவப்பைத் தாமாகவே தூக்கிக் காட்டும். அந்த வசதியை நிறுத்திவிட்டு எடுக்கவேண்டும். மலிவான எல்.இ.டி. விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு ஒளி குறைவு. அதன்கீழ் எவ்வளவு நல்ல கலவையும் சேறாகத் தெரியும். வாவிப்பக்கம் வெயில் சாய்கிற நேரம் அழகுதான், ஆனால் அந்தச் செம்மஞ்சள் ஒளி செம்மஞ்சள் வாலை விழுங்கிவிடும். காலை ஒன்பது மணிக்கு நிழலில் எடுப்பதே என் தெரிவு. ஈரத்தைச் சொல்வது நிறத்தைவிட மினுக்கம். கிளிசரின் ஒரு தேக்கரண்டி அதைப் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாக, இறைச்சிக்கடையில் ஆட்டிரத்தம் வாங்கிப் படம் எடுத்தால் இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது வாங்கி வரும் வழியிலேயே உறைந்துவிடும், ஒரு மணித்தியாலத்தில் நாறும், கையிலோ முகத்திலோ கீறலிருந்தால் கிருமி உள்ளே போகும். படமும் நன்றாக வராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பு பல பத்தாண்டுப் போரைப் பார்த்த மாவட்டம். 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்ததைப் பார்த்த மாவட்டம். இந்த வீதியில் திடீரென்று கண்ணில் படும் சிவப்புத் தேக்கம் ஒருவருக்கு ஒப்பனையாகத் தெரியாது. வெளியிடத்தில் எடுப்பதானால் அயல் வீடுகளுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். நடிப்பவரை அந்தக் கோலத்தோடு மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தேத்தண்ணிக் கடைக்குப் போகாதீர்கள். உணவுச் சாயம் தோலில் இரண்டு நாள் நிற்கும். பூசுமுன் தேங்காயெண்ணெய் மெல்லியதாகத் தடவினால் சவர்க்காரத்தோடு வந்துவிடும். துணியை உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். எடுத்து முடிந்ததும் வாளி தண்ணீர் ஊற்றி நிலத்தைக் கழுவிவிட்டே புறப்படுங்கள்.